ஒன்பது சென்டிமீட்டர்

நுமாசு
1973 செப்டம்பர் 20

அன்புள்ள நிராசாவா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாயோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். பிரித்துவிட்டாய் என்றால் பாதி வேலை முடிந்தது. நீ மினோவா மோட்டாரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது. இஷினோமாகியில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். டீசல் வாடையோடு மீன் வாடையும் சேர்ந்தால் உன் மனைவி எந்த வாசல் வழியாக உன்னை உள்ளே விடுகிறாள்?

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். தோட்டத்தில் நட்டதெல்லாம் பட்டுப்போகிறது. இந்த நிலையில் கம்பெனி என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. அடுத்த ஆண்டு அதற்கு இருபத்தைந்து வயது. வரலாற்றுப் புத்தகம் ஒன்று தடிமனாகப் போடுகிறார்கள். ஹிபாரி லாரி பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று சக்கர வண்டியை மூட்டை கட்டி வைத்துவிட்டு நான்கு சக்கரத்துக்கு நாம் வந்த கதை, எஞ்சினை இருக்கைக்கு அடியில் தள்ளிய கதை, 1960இல் முதல் ஹிபாரி, 63இல் இரண்டாவது, 68இல் மூன்றாவது. எல்லாம் எழுதிவிட்டேன். முதல் ஹிபாரியின் சரக்குத் தட்டு எப்படி ஒன்பது சென்டிமீட்டர் நீண்டது என்ற இடத்தில் மட்டும் பேனா நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாய். உனக்கு ஞாபகம் இருப்பதை எழுதி அனுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் கம்பெனிக்குப் போயிருந்தேன். வாசல் காவலாளி என் கையில் ஒரு ஆப்பிளை வைத்தார். "எடுத்துக்கங்க ஸார். நாகானோ பக்கத்துலேர்ந்து யாரோ வருஷா வருஷம் ஒரு பெட்டி அனுப்பறாங்க" என்றார். யார் அனுப்புவது என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் எப்போதும் ஒரு சீட்டு இருக்கும். "உங்கள் வண்டியை நொறுக்கியதற்காக இந்த வருடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சுகயா, சுசாகா." பதினோரு வருடமாக வருகிறது. நான் பதவியில் இருந்தபோது பிரிவில் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்வேன். நானும் தின்றிருக்கிறேன்.

சுகயா விஷயத்தைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

ஒகுசுமி தெய்சோ

*

இஷினோமாகி
1973 அக்டோபர் 8

ஒகுசுமி அவர்களுக்கு,

இலையுதிர் காலக் கடலைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. முறை எனக்கும் தெரியும். மனம்தான் இல்லை.

ஒன்பது சென்டிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். என் மகளின் பிறந்தநாள்கூட ஒரு வருடம் மறந்துபோனது. இது மறக்கவில்லை. நாகானோ விற்பனையாளர் கூட்ட அறையின் தரையில் சாக்கட்டியால் சரக்குத் தட்டை அளவெடுத்து வரைந்தார். நிஜ ஆப்பிள் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். கடைசி வரிசை கோட்டுக்கு வெளியே ஒன்பது சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது. "இந்த வரிசைய என்ன பண்றதுங்க? டிரைவர் மடியில வெச்சுட்டுப் போவாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வண்டியின் மொத்த நீளத்தை அரசாங்க விதி கட்டிப்போட்டிருந்தது. பின்னால் நீட்டினால் முன்னால் வெட்டியாக வேண்டும். நீங்கள் கேபினை முன்னுக்கு நகர்த்தினீர்கள். சேஸிஸின் மூக்கை நறுக்கினீர்கள். முன் குறுக்குத் தண்டு அதுவரை ஓட்டுனரின் கால் விரலுக்கு முன்னால் இருந்தது. நறுக்கிய பிறகு அது கணுக்காலுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு பேர் கால்களுக்கும் சாலைக்கும் நடுவே மிஞ்சியது ஒரு தகடு. பிஸ்கட் டப்பா செய்கிற கனம்.

1960 மார்ச்சில் ஒப்புதல் தாள் மேஜை மேஜையாகச் சுற்றி என்னிடம் வந்தது. ஆறு பேரின் பெயர் முத்திரைக்கு இடம். என் இடம் மூன்றாவது. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே "இது சரியில்லை" என்று சொல்ல நம் ஆபீஸில் யாருக்கு நாக்கு எழும்பியது? முத்திரையைத் தலைகீழாகக் குத்தினால் போதும், பார்க்கவேண்டியவர் புரிந்துகொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தலைகீழாகக் குத்தினேன். நீங்கள் பார்த்தீர்கள். தாள் மேலே போனது, வண்டி வெளியே வந்தது.

அடுத்த வருடம் நவம்பர், ஆப்பிள் சீசன். சுகயா தோட்டக்காரர் சங்கத்தின் டிரைவர். ஐந்து நாளாக ஸ்டேஷனுக்குச் சரக்கு அடித்துக்கொண்டிருந்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்றத்தில் கண் அசந்துவிட்டார். மரம் ஏற்றி நின்றுகொண்டிருந்த வண்டியின் பின்னால் போய் முட்டினார். வேகம் இருபத்தைந்துகூட இருக்காது. சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம். அதற்கு சுகயாவின் இடது கால் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் யசுஹரு செத்துப்போனான். தோகிதா குடும்பத்துக்கு ஒரே ஆண்பிள்ளை, வயது இருபத்திரண்டு.

கம்பெனி சார்பில் ஊதுவத்தி ஏற்ற என்னைத்தான் அனுப்பினீர்கள். போகிற வழியில் நொறுங்கிய வண்டியைக் குனிந்து பார்த்தேன். மரவண்டியின் வால் நுழைந்த இடம், அந்தத் தண்டு முன்பு இருந்த அதே இடம். அது அங்கே இருந்திருந்தால் முட்டி நின்றிருக்கும். இரண்டு பேரும் இறங்கி மரவண்டிக்காரனோடு சண்டை போட்டிருப்பார்கள். சாவு வீட்டில் பெரியவர் தோகிதா என் கண்முன்னால் மருமகனைப் பார்த்துக் கத்தினார். "தூங்குமூஞ்சிப் பயலே! எம்புள்ளயத் தூக்கத்துல தின்னுட்டியேடா!" கட்டுப்போட்ட காலோடு சுகயா தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தார். நான் ஊதுவத்தியை ஏற்றினேன். வணங்கினேன். வாயைத் திறக்காமல் திரும்பினேன். அக்காக்காரி தொமியே தம்பியின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு அப்பா வீட்டுக்குப் போனவள், புருஷனிடம் திரும்பி வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஆள் இன்னும் உங்களுக்கு ஆப்பிள் அனுப்புகிறாரா? நீங்கள் அதைத் தின்கிறீர்களா?

எப்படி எழுதுவது என்றா கேட்கிறீர்கள்? நடந்ததை எழுதுங்கள். புத்தகம் வருவதற்கு முன்னால் சுசாகாவுக்குப் போய் சுகயாவிடமும் பெரியவரிடமும் சொல்லுங்கள். சொல்லவேண்டியது நீங்கள். என் மறுப்பை நான் அன்றைக்கே பதிவு செய்துவிட்டேன். அந்தத் தலைகீழ் முத்திரை ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருடம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கிறேன்.

நிராசாவா ஷூஜி

*

நுமாசு
1973 நவம்பர் 2

நிராசாவா,

உன் கடிதத்தை வாசித்த பிறகு மூன்று வாரம் எதுவும் எழுத முடியவில்லை. இங்கே ஜனங்கள் கழிப்பறைக் காகிதத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். எண்ணெய் தட்டுப்பாட்டில் அதுவும் தீர்ந்துவிடுமாம். என் மனைவி என்னையும் அந்த வரிசைக்கு அனுப்பினாள். அங்கே நின்றபடிதான் இதை மனதில் எழுதி முடித்தேன். முழுக்கப் படி. பாதியில் கிழித்துவிடாதே.

அந்த ஒப்புதல் தாளைக் கம்பெனியின் ஆவண அறையில் எடுத்துப் பார்த்தேன். அதில் உன் முத்திரை நேராக இருக்கிறது.

நான் செய்ததுதான். நீ தலைகீழாகக் குத்தியதை அன்றைக்குக் காலையிலேயே பார்த்துவிட்டேன். அப்படியே மேலே அனுப்பினால் இயக்குனர்கள் திருப்பி அனுப்புவார்கள். வண்டி ஆறு மாதம் தள்ளிப்போகும். அதற்குள் மற்ற கம்பெனிக்காரர்கள் நாகானோவைச் சுருட்டிவிடுவார்கள். ஆனாலும் உடனே எதுவும் செய்யவில்லை. மாலைவரை காத்திருந்தேன். நீ பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். உன் மேஜைக்கு வந்து, "ஏம்ப்பா நிராசாவா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். நீ எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல ஸார்" என்றாய். நான் போகாமல் நின்றேன். "காத்து பலமா அடிக்குதுல்ல ஸார்" என்றாய்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாளை நிறுத்தியிருப்பேன். இதைச் சொல்லிப் பழியை உன் தலையில் கட்டுவதாக நினைக்காதே. எனக்கு அந்த ஒரு வார்த்தை தேவையாக இருந்தது. அது எனக்கே தெரிந்த வார்த்தைதான். உன் வாயிலிருந்து வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் நீ லீவு. புதுத் தாள் ஒன்று எழுதச் சொன்னேன். லீவில் இருப்பவனின் மேஜை டிராயரிலிருந்து அவன் முத்திரையை எடுத்துப் பக்கத்து ஆள் குத்துவது நம் ஆபீஸில் அன்றாடம் நடப்பதுதானே. நானே எடுத்துக் குத்தினேன். பழைய தாளைக் கிழித்தேன்.

63இல் இரண்டாவது ஹிபாரி வரைபடத்தில் அந்தத் தண்டை நானே முன்னால் கொண்டுவந்து வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விளம்பரத்தாளில் "கால் வைக்க இன்னும் வசதி" என்று போட்டார்கள்.

பனிக்கு முன்னால் சுசாகாவுக்குப் போகலாம். நீயும் வா. உன் பெயரை இழுக்கமாட்டேன். பக்கத்தில் நின்றால் போதும்.

ஒகுசுமி

*

இஷினோமாகி
1973 நவம்பர் 19

ஒகுசுமி அவர்களுக்கு,

என் டிராயரைத் திறந்தீர்கள். என் பெயரை எடுத்து உங்கள் கையால் குத்தினீர்கள். பன்னிரண்டு வருடமாக நான் சாய்ந்து நின்ற சுவர் இல்லாத சுவர் என்று இப்போது சொல்லி அனுப்புகிறீர்கள்.

பக்கத்தில் நிற்க வேறு ஆளைப் பாருங்கள். இனி எழுதவேண்டாம்.

நிராசாவா

*

நுமாசு
1974 ஜனவரி 17

நிராசாவா,

எழுதவேண்டாம் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன், வெட்கம் கெட்டுப்போன வயது.

அத்தியாயத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்பது சென்டிமீட்டர், தண்டு, யசுஹரு, முத்திரை. புத்தகக் குழுவில் ஒரு இளைஞர் மிக மரியாதையாகப் பேசினார். "ரொம்ப உருக்கமா இருக்குங்க ஐயா. ஆனா இது கம்பெனியோட பிறந்தநாள் புத்தகம் பாருங்க." அச்சுப்படி வந்திருக்கிறது. அந்த ஐந்து பக்கம் இருந்த இடத்தில் ஒரே வரி: "வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு இணங்க சரக்குத் தட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீட்டிக்கப்பட்டது." பொய் என்று சொல்ல முடியாது.

சரி, புத்தகம் போகட்டும், ஆட்களிடமாவது நேரில் சொல்வோம் என்று டிசம்பர் 12 அன்று தனியாகவே கிளம்பினேன். நாகானோ ஸ்டேஷனில் இறங்கினேன். சுசாகா போகும் ரயில் எதிரே நிற்கிறது. நின்றபடியே ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டேன். அந்த ரயில் போய்விட்டது. அடுத்ததும் போனது. பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியம் "அந்தக் காலத்து விதிகளின்படி" என்றே தொடங்கியது. உண்மையைச் சொல்லப் போனவன் அங்கே உட்கார்ந்து எனக்காக வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை வண்டியில் நுமாசுவுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ பக்கத்தில் இருந்தால் என்னால் அப்படிப் பேச முடியாது. அதற்காகத்தான் கூப்பிட்டேன். உன் முத்திரைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். அதை மன்னிக்காதே, பரவாயில்லை. இதற்கு மட்டும் வா.

ஒகுசுமி

*

(அஞ்சலட்டை)
நுமாசு, 1974 பிப்ரவரி 26

நிராசாவா,

பதில் இல்லை. கோபம் நியாயம்தான். நாகானோ விற்பனையாளர் போனில் சொன்னார்: பெரியவர் தோகிதா படுத்த படுக்கையாம். எனக்கு இதயத்தில் கோளாறு. குளிரில் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பனி குறைந்ததும் போகலாமா? எதற்கும் ஒரு வரி எழுது.

ஒகுசுமி

*

இஷினோமாகி
1974 ஏப்ரல் 3

ஒகுசுமி ஐயா,

உங்கள் அட்டை மார்ச் முதல் தேதியே கிடைத்தது. பட்டறையில் சுவர் ஆணியில் குத்தி வைத்தேன். தினமும் பார்த்தேன். 'இருக்கட்டும், இன்னொரு கடிதம் எழுதட்டும், இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்' என்று நினைத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

போன வாரம் என் மனைவி ஹருயோ சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தவள் அட்டையைப் படித்துவிட்டாள். வீட்டில் உங்கள் பழைய கடிதங்களையும் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். ராத்திரி ஆகும்வரைகூடப் பொறுக்கவில்லை. படகுக்காரர்கள் எதிரிலேயே பிடித்துக்கொண்டாள்.

"முத்திரை தலைகீழா இருந்துச்சா நேரா இருந்துச்சான்னு ரெண்டு கிழவங்களும் அடிச்சுக்கறீங்களே, அது எப்படி இருந்தா அந்த மனுஷனுக்கு என்ன? உங்க வாய்க்கு என்ன ஆச்சு? அவர் மேஜைக்கே வந்து கேட்டாராம். காத்தடிக்குதுன்னு சொன்னீங்களாம்!"

"அப்பல்லாம் அப்படித்தாண்டி."

"சாவு வீட்ல? அங்கயும் காத்தடிச்சுதா?"

படகுக்காரர்கள் வலையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஐயா, நான் ஒரு தாளில் என் மறுப்பைத் தெரிவித்தவன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் பத்திரமாக இருந்திருந்தாலும் அதை வைத்து என்ன செய்திருப்பேன்? என் நெஞ்சுக்கு நானே காட்டிக்கொண்டிருப்பேன். சுகயாவுக்குக் காட்டியிருக்கமாட்டேன். காட்ட நினைத்திருந்தால் பன்னிரண்டு வருடத்தில் ஒரு ரயில் கிடைக்காமலா போயிருக்கும்?

நீங்கள் வரவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை நான் சுசாகாவில் இருப்பேன். நீங்கள் சொல்லவேண்டியதை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். பெரியவருக்கும் சுகயாவுக்கும் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

நிராசாவா ஷூஜி

*

நுமாசு
1974 ஏப்ரல் 7

நிராசாவா,

நன்றி. உன் மனைவிக்கும். வாசிக்கவேண்டியது இதோ. பதினேழு முறை எழுதிக் கிழித்தேன்; மிஞ்சியது இவ்வளவுதான்.

"தோகிதா அவர்களுக்கும் சுகயா அவர்களுக்கும். முதல் ஹிபாரி லாரியை வடிவமைத்த பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன் நான். சுகயா அவர்கள் கண் அசந்தது உண்மை. அந்த மாதிரி மெதுவான மோதலில் வண்டி உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றக்கூடிய இரும்புத் தண்டு வரைபடத்தில் இருந்தது. ஒரு வரிசைப் பெட்டி கூடுதலாக ஏற்றுவதற்காக அதை நான் பின்னால் தள்ளினேன். தவறு என்று தெரிந்துதான் தள்ளினேன். அது இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் யசுஹரு அவர்கள் பிழைத்திருப்பார். அவர் இறந்தது என்னால். இதை அன்றைக்கே சொல்லாதது அதைவிடப் பெரிய குற்றம்."

அந்தக் காலம், அரசாங்க விதி, போட்டி எதுவும் இதில் இல்லை. ஏதாவது உன் வாயில் தானாக வந்தால் கடித்து விழுங்கிவிடு. பெரியவரிடம் முதலில் போ. அவருக்கு நாள் அதிகம் இல்லை என்று தோன்றுகிறது.

ஒகுசுமி

*

சுசாகா, ஸ்டேஷன் எதிரே ஒரு விடுதி
1974 ஏப்ரல் 15

ஒகுசுமி ஐயா,

பெரியவர் தோகிதா மார்ச் 21 அன்று இறந்துவிட்டார்.

ஸ்டேஷனில் வழி கேட்டபோதே சொல்லிவிட்டார்கள். அதனால் நேராக சுகயாவின் வீட்டுக்குத்தான் போனேன். ஆப்பிள் தோட்டத்து ஓரத்தில் ஒற்றை அறையும் ஒரு கொட்டகையும். கொட்டகையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மினோவா மோட்டார் என்றதும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, இருந்த ஒற்றைக் காலை மடக்கிக் குனிந்தார். நான் அவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை வாசித்தேன். என் பங்கையும் சொன்னேன்: சாவு வீட்டில் எல்லாம் தெரிந்துகொண்டே ஊதுவத்தி ஏற்றியது நான்தான் என்று.

சுகயா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப யசுஹரு பிழைச்சிருப்பானா?"

"பிழைச்சிருப்பார்."

"நான் தூங்கியிருந்தாலும்?"

"ஆமா."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன்; அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சுத்தியலை எடுத்து, பாதி இறங்கியிருந்த ஆணி ஒன்றை முழுக்க இறக்கினார். "ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்றார். "இதை தொமியேகிட்டயும் படிச்சுக் காட்டிடுங்க. நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. மாமா சாவுக்கே ரோட்ல நின்னுதான் கும்பிட்டேன்."

தோகிதா வீடு இருபது நிமிட நடை. உள்ளே வெள்ளைத் துணி விரித்து அஸ்திப் பானை இன்னும் இருந்தது. நாற்பத்தொன்பது நாள் முடியவில்லை. தொமியேவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. பானைக்கு எதிரில் உட்காரவைத்தாள். நான் வாசித்தேன். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. முடித்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தரம் "காப்பாற்றக்கூடிய இரும்புத் தண்டு" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போன மாசம் பத்தாந்தேதி அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு" என்றாள். "பக்கத்துல கூப்பிட்டு, 'அன்னிக்கு வண்டில ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ?'ன்னு கேட்டார். 'உன் புருஷன் நிஜமாவே தூங்கித்தான் போனானா? வேற எதுவும் இல்லையா?'ன்னார். பன்னண்டு வருஷத்துல என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்ததே அன்னிக்குத்தான். மன்னிக்கறதுக்கு ஏதாவது கிடைக்காதான்னு தேடினார் போலிருக்கு. நான் 'வேற எதுவும் இல்லப்பா, தூங்கித்தான் போனார்'னு சொன்னேன். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க? அவர் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டார். அதுக்கப்புறம் பேசல."

மார்ச் பத்து. உங்கள் அட்டை அப்போது என் பட்டறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக. ஒரு பகல் ரயில் பயணம். உங்களைக் கெஞ்சவைப்பதற்காக நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஐயா. நீங்கள் டிசம்பரில் சோபா சாப்பிட்டுவிட்டுத் திரும்பியதைப் படித்து ஏளனமாகச் சிரித்தவன் நான். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அவளிடம் அதையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் திட்டவில்லை. "இதை இனிமே யாருக்குப் படிச்சுக் காட்டறது?" என்று மட்டும் கேட்டாள். கடிதத்தை வாங்கிப் பானைக்கு முன்னால் வைத்துக் கொஞ்ச நேரம் கும்பிட்டாள். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். "அவர் வீடு வரைக்கும் கூட வரீங்களா? தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றாள்.

வழியெல்லாம் எனக்கு மூன்றடி முன்னால் நடந்தாள். சுகயா வாசலில் நின்றிருந்தார். பொய்க்காலை மாட்டி, வேறு சட்டை போட்டிருந்தார். வருவாள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. இருவரும் ஒருவரையொருவர் வணங்கினார்கள். சந்தையில் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டால் வணங்குவார்களே, அந்த அளவுக்கு.

"வாங்க" என்றார் அவர், பெண்டாட்டியைப் பார்த்து.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"இருக்கு."

பன்னிரண்டு வருடம் கழித்து எங்கிருந்து தொடங்குவார்கள்? நான் போய்விட வேண்டும் என்று தெரிந்தது. போகத் தெரியாமல் செருப்போடு மண்தரையில் நின்றேன். அவள்தான் முதலில் அசைந்தாள். "டீ போடறேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். ஒரு கதவைத் திறந்தாள், கிண்ணங்கள் இருந்தன. அடுத்த கதவைத் திறந்தாள், ஆணி டப்பாக்கள். குனிந்து கீழே பார்த்தாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சொல்ல வாயெடுத்த சுகயா சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிராசாவா